எல்லாப் பழியும் சட்டி மேலே

கல்லூரியில் நான்கு வருடம் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருப்பது நான்தான் என்று விடுதிக் காவலாளி ஒருநாளும் நம்பியதில்லை. உதடு இரண்டும் பூரி போல உப்பி, ஒரு கண் முழுக்க மூடி, இன்னொரு கண்ணிலிருந்து நீர் வடியும் அந்தப் போட்டோவுக்குக் காரணம் காதல். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடம் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊர் ஆண்டிமடம் பக்கம். சுற்றிலும் முந்திரிக்காடு. மே மாதம் வந்தால் வாசலெல்லாம் கொட்டை காயும். கொல்லைப்பக்கம் அம்மா சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருப்பார். வறுக்காத பச்சைக் கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். தோலில் பட்டால் வெந்துவிடும், வடு லேசில் போகாது. அதனால் எங்கள் ஊர்க் காதலர்களுக்குப் பச்சை குத்தும் செலவே கிடையாது. விளக்குமாற்றுக் குச்சியில் அந்த எண்ணெயைத் தொட்டுக் கையில் ஓர் எழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். (அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் யாரும் காதலித்தவரையே கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது வேறு விஷயம்.)

பிளஸ் டூ முடித்து எனக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. அப்பா எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். என்னை அரியலூரிலேயே சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. "கண்ணு முன்னாடி இருந்தாத்தான் இவன் படிப்பான்" என்பார். அம்மா மூன்று வாரம் பின்னாலேயே நடந்து சம்மதிக்க வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வந்தாள் ரெஜினா. அடுத்த வீட்டு லூர்து டீச்சரின் அக்கா மகள், பெரம்பலூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அந்தக் கோடை முழுவதும் அவள் என்னிடம் பேசியது மொத்தம் மூன்றே வாக்கியம். "உங்க வூட்டுல தண்ணி வருதா?" "அம்மா இருக்காங்களா?" "கொஞ்சம் தள்ளுங்க, சைக்கிளை எடுக்கணும்." இந்த மூன்றிலும் நான் கண்டுபிடித்த அர்த்தங்களுக்கு ஒரு நோட்டுப் போதாது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகிறாள் என்று தெரிந்தது. போவதற்குள் என் மனதை அவளுக்குக் காட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே முந்திரிக்காட்டுக்குள் போய் உட்கார்ந்து, கொட்டையை உடைத்து, இடது முன்னங்கையில் இங்கிலீஷில் 'ஆர்' என்று எழுதினேன். முதலில் வலிக்கவே இல்லை. இவ்வளவுதானா என்று மறுபடி தொட்டு, இன்னும் தடிமனாக எழுதினேன். வெயில் கொளுத்தியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கவும், கொட்டை உடைத்த அதே விரல்களால் கண்ணைத் துடைத்தேன். பிறகு வாயையும் துடைத்தேன். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா அது!

மறுநாள் விழித்தபோது ஒரு கண் திறக்கவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று கண்ணாடிகூடப் பார்க்காமல் ஓடி வேலி ஓரம் நின்று, கையை நீட்டியபடி ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் கையைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்து அலறினாள்.

"அய்யோ சித்தி! சீக்கிரம் வாங்க, அடுத்த வூட்டு அண்ணனை என்னமோ கடிச்சிடுச்சு!"

அண்ணன். காதல் அந்த இடத்திலேயே முடிந்தது. (ஆனால் வீக்கம் ஒன்பது நாள் இருந்தது.)

சத்தம் கேட்டு வந்த அப்பா என்னை வீட்டுக்குள் இழுத்துப் போனார்.

"என்னடா இது கையில?"

"வறுக்கிற சட்டி சுட்டுடுச்சுப்பா."

"எந்தச் சட்டிடா ஆர் போடும்?" கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அந்த எழுத்தாவது ஒழுங்கா இருக்கா? காலு கோணிக்கிட்டுப் போவுது."

சிரித்திருக்கலாம். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. "கோயம்புத்தூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்க இருக்கறப்பவே இந்தக் கூத்து. அரியலூர்ல சேர்ந்து தினம் பஸ்ல போயிட்டு வா."

கல்லூரி திறக்க நான்கே நாள்தான் இருந்தது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. நான் அழுதேனா, கண் தானாக வடிந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

என் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். தோளுக்குக் கீழே ஒரு பழைய வடு. சட்டி சுட்டது என்று சிறுவயதிலிருந்து நான் கேட்டு வந்த அதே வடு.

"இதைப் பாருங்க."

"அது சட்டி சுட்டதுன்னுல்ல சொன்ன?"

"எந்தச் சட்டிங்க கே போடும்? இத்தனை வருசத்துல ஒரு தடவை உத்துப் பாத்திருப்பீங்களா?"

அப்பாவின் பெயர் அந்தோணி.

"பதினேழு வயசுல எழுதிக்கிட்டேன். எங்கப்பா மறுநாளே படிப்பை நிறுத்திட்டாரு. டீச்சர் ட்ரெயினிங் போவ வேண்டியவ, கொட்டை வறுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் புள்ளைக்கும் அதையே பண்ணிடாதீங்க."

அப்பா அந்தக் கிண்ணத்தை எடுத்து, மிச்ச எண்ணெயை அவரே என் உதட்டில் தடவி ஊதிவிட்டார். "ஹாஸ்டலுக்குப் போட்டோ கேட்டிருக்கான்ல? கெளம்பு" என்றார். அன்றே ஜெயங்கொண்டம் போனோம். போட்டோக்காரர், "தம்பி, கொஞ்சம் சிரிங்க" என்று மூன்று தடவை சொன்னார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்தைந்து வருடம் மூடி வைத்திருந்த ரகசியத்தை அம்மா எனக்காக ஒரு நிமிடத்தில் அவிழ்த்துக் காட்டினார். இன்று நான் சாப்பிடும் சோறு அந்த நிமிடம் போட்டது. அந்த 'கே' யார் என்று மட்டும் அவர் இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவின் ஊர்க் கல்யாணங்களில் அப்பா இப்போதும் என் காதோரம் குனிந்து, "அந்த வழுக்கைத்தலைக்காரரு பேரு என்ன, கஸ்பாரா?" என்று விசாரிப்பார்.

அடுத்த மே மாதம் லீவுக்கு வந்தேன். அந்த வெயிலிலும் அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். குழாயடியில் கை கழுவ மடித்துவிட்டபோதுதான் பார்த்தேன். முன்னங்கையில் ஓர் 'எஸ்', நாலு கோடு நோட்டில் எழுதியது போல, இம்மி கோணாமல். அம்மாவின் பெயர் சகாயமேரி.

"என்னப்பா இது?"

அவர் சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சட்டி சுட்டுடுச்சுடா."

கொல்லையில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அம்மா, அடுத்த வீட்டு லூர்து டீச்சர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.