கான்ஸ்டாண்டிநோபிள் எத்தனை மாடி?

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் நாளிதழை நெடுங்காலமாகக் காசு கொடுத்தே வாங்கிப் படிக்கும் வாசகன், ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆப்பரேட்டர், பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். நானும் நலமே, வலது முழங்காலைத் தவிர. அந்த முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதைவிட முக்கியமாக, என் மகளைப் பற்றி.

தாங்கள் 'இதே தேதியில்' என்ற தலைப்பில், அந்தந்தத் தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று தினமும் போடுகிறீர்கள். மே இருபத்தொன்பதுக்கு என்ன போடப்போகிறீர்கள் என்று நான் ஒரு மாதமாகக் காத்துக்கிடந்தேன். அன்றுதான் என் ஒரே மகள், கட்டட வேலையில் நிற்கும் ராட்சதக் கிரேனை ஓட்ட முதன்முறையாக மேலே ஏறுகிறாள். அதுவரை பயிற்சி எல்லாம் கீழே ஓர் அறையில், திரையைப் பார்த்துத்தான். பெண் பிள்ளை கிரேன் ஓட்டுவதா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "லிஃப்ட்காரன் மகள் மேலே போகாம வேற எங்க போவா?" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். என் பயத்தின் வாயைத்தான் அடைக்க முடியவில்லை.

அன்று காலை பேப்பரைப் பிரித்தால் முதல் வரி: '1953: எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை மனிதர் முதன்முதலாக அடைந்தனர்.' ஐயா, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "இங்க வாடி! நம்ம பொண்ணு ஏறுற தேதியிலதான் எவரெஸ்ட்லயே ஏறியிருக்காங்க!" என்று கத்தினேன். சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி வந்து, முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியைப் படித்தாள். '1453: கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது.'

"ஏங்க, இது எத்தனை மாடி?"

ஒரு சொல், ஐயா! 'நகரம்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்து அச்சடித்திருந்தால் தங்கள் மை என்ன வற்றியா போயிருக்கும்? "அது கட்டடம் இல்லடி, ஊரு" என்றேன். "ஊரே விழுந்துச்சா! அந்தத் தேதியிலயா என் பிள்ளையை ஏத்தி விடுறீங்க?" "அது சண்டையில விழுந்தது, தானா விழல." "எப்படி விழுந்தா என்ன? விழுந்துச்சா இல்லையா?" இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் தெரிவிக்கவும்.

அவள் நேரே போய் மகளின் பூட்ஸை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்தாள். நானோ, இந்த வரி பிள்ளை கண்ணில் பட்டுத் தொலைக்கக் கூடாதே என்று அந்தப் பகுதியையே கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மகள் குளித்துவிட்டு வந்தாள், பூட்ஸைத் தேடினாள், மெஷினைத் திறந்து எடுத்து மாட்டினாள், பேப்பரில் இருந்த ஓட்டையையும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், "அப்பா, நீங்க அங்க வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போயே போய்விட்டாள். போகாமல் இருக்க நான் என்ன கல்லா? அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அது பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "குழாய் பதிக்க ரோட்டை மூடிட்டாங்க பெரியவரே, பேப்பர்லயே போட்டிருந்துச்சே!" என்றார் கண்டக்டர். பையிலிருந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதன் முதுகிலேயே அந்த அறிவிப்பு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுதான். இறங்கி நடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அவள் ஏணியில் இருந்தாள். மேஸ்திரி என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து ஓரமாக நிறுத்தினார். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தை வைத்து, பழைய பழக்கத்தில், மாடிகளைச் சொல்லிக்கொண்டே பார்த்தேன். என் லிஃப்ட் ஒன்பதாம் மாடியோடு சரி. எங்கள் வம்சத்தில் அதற்கு மேல் போனவர் கிடையாது. அவள் ஒன்பதைத் தாண்டினாள். நானாவது பொத்தானை அமுக்கிப் போனவன், அவள் கையையும் காலையும் நம்பிப் போகிறாள். பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை ஐயா, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கிரேனின் நீண்ட கை மெல்லத் திரும்பியது. "அது நான் பெத்த பொண்ணுய்யா!" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே, இன்னும் நன்றாகப் பார்க்க இரண்டடி பின்னால் போனேன். அங்கே அப்போதுதான் கொட்டி மட்டம் பார்த்து வைத்த கான்கிரீட்.

மேஸ்திரியின் வாக்கிடாக்கி பேசியது: "அண்ணே, விழுந்தது எங்கப்பாவா?"

"ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அண்ணாந்து பாத்துக்கிட்டே பின்னால நடக்க வேற யாரு இருக்கா? மெதுவா தூக்குங்கண்ணே, வலது முழங்கால் ஏற்கெனவே சரியில்ல."

அத்தனை உயரத்திலும் குரலில் ஒரு நடுக்கம் இல்லை ஐயா!

ஆகவே அடுத்த ஆண்டு மே இருபத்தொன்பதில் மூன்றாவது வரியாக இதைச் சேர்க்க வேண்டும்: 'ஒரு லிஃப்ட்காரரின் மகள் கிரேனில் ஏறினாள். அவள் அப்பா விழுந்தார்.' ஏறுவதும் விழுவதும் ஒரே தேதியில் நடக்கலாம், இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியதில்லை என்று என் மனைவியும் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டாள்.

தங்கள் பேனாவும் இயந்திரமும் ஓயாமல் ஓடட்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உயரம் போகட்டும்.

இப்படிக்கு,
கிரேன் ஆப்பரேட்டரின் அப்பா

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். "எழுத்தெல்லாம் சரிப்பா, தேதிதான் தப்பு" என்கிறாள். "அன்னிக்குத் தனியா ஓட்டினேன், அவ்வளவுதான். ஏற ஆரம்பிச்சது மார்ச் மூணாம் தேதி. சொன்னா அம்மா பூட்ஸை ஒளிப்பாங்க, நீங்க பின்னாலயே வந்து எதுலயாவது விழுவீங்க." ஆக, நாங்கள் நிம்மதியாகக் குறட்டை விட்ட மத்தியானங்களில் எல்லாம் அவள் மேலேதான் இருந்திருக்கிறாள். எனவே அவள் ஏறியதை மார்ச் மூன்றுக்கு மாற்றிவிடவும். நான் விழுந்தது மே மாதத்திலேயே கிடக்கட்டும். மார்ச் மூன்றில் உலகத்தில் வேறு என்னென்ன விழுந்தது என்று மட்டும் தயவுசெய்து இனி எந்த ஆண்டும் அச்சிட வேண்டாம். அவள் அம்மா இப்போதே பழைய பேப்பர்க் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.