சம்பந்தியின் நாவலுக்குச் சிவப்பு டேக் ஒட்டிய விவகாரம்

பென்னலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி, வல்லக்கோட்டை திரு. தாண்டவராயன் அவர்களுக்கு, பென்னலூர் ஏகாம்பரநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. முருகன் அருளால் தாங்களும் ராஜாமணி அம்மாளும் மாப்பிள்ளை சஞ்சயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி லீலா என்னோடு பேசுவதில்லை, மகள் யுவஸ்ரீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

போன ஞாயிறு முதல் தாங்கள் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய முருகன் படத்துக்கும் பதில் இல்லை. முருகனுக்கே பதில் இல்லை என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் இந்தக் கடிதம்.

பூ வைத்த அன்று தாம்பூலத் தட்டோடு மூன்று புது நாவல்களையும் வைத்து, "படிச்சிட்டு மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க சம்பந்தி" என்றீர்கள். அங்கேதான் வினை தொடங்கியது. அப்படியே சொல்வதைத் தவிர வேறு தொழில் எனக்குத் தெரியாது. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஆலையில் கடைசிச் சோதனை மேஜையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். நல்லதுக்குப் பச்சை டேக், திருத்தினால் தேறுவதற்கு மஞ்சள், தேறவே தேறாததற்குச் சிவப்பு. யார் செய்தது என்று பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தயங்கும். அதனால் லீலாவிடம் கொடுத்து மூன்றுக்கும் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, பெயர் இருக்கும் பக்கங்களையும் கிளிப் போட்டு மூடச் சொல்லி, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வீட்டிலும் எனக்கு இதே முறைதான். அவள் போட்ட எலுமிச்சை ஊறுகாய்க்கு மஞ்சள் டேக் ஒட்டினேன், உப்பு குறைவு. இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் தரம் எப்படி உயரும், நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாவலைப் படித்து அதிர்ந்து போனேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பதினாறாவது மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டிவிட்டது, அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. புத்தகம் முடியும்வரை ஒருவர் வயிற்றுக்கும் பசி எடுக்கவில்லை. நடுவில் ஒரு வேளைச் சோறு போட்டால் தேறும் என்று மஞ்சள் டேக் ஒட்டினேன்.

இரண்டாவது, ஆஹா! தொழிற்பேட்டையில் ஆண்கள் விடுதி ஒன்றில் சமைக்கும் அம்மாளின் கதை. வடக்கத்திப் பையன்களுக்காக ரொட்டி தட்டக் கற்றுக்கொள்கிறாள், வட்டமே வரவில்லை. அவர்கள் வாய் பேசாமல் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் ஆலை மூடுகிறது. எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, அவள் பழக்கதோஷத்தில் மாவு பிசைந்துகொண்டு நிற்கிறாள், இப்போது வட்டமாக வருகிறது. எங்கள் ஆலை வாசலில் இறங்காமல் பஸ்ஸோடு அடுத்த ஆலைவரை போய்விட்டேன். ஆட்டோ பிடித்து வேலைக்குப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பச்சை டேக்.

மூன்றாவதுதான் சம்பந்தி, என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதில் ஒரு அப்பன் வருகிறான். இடியாப்ப இழை தடிமனாக இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறான். மகள் பள்ளியில் முதலாவதாக வந்து சான்றிதழைக் கொண்டுவந்தால், இவன் அதில் இருக்கும் எழுத்துப் பிழையைத் தேடுகிறான். அந்தப் பெண் புத்தகம் முழுக்க ஒரே ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறாள். "நல்லா பண்ணிருக்கம்மா" என்று. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் முடிந்து வண்டி ஏறுகிறாள். அவன் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறான். கதை முடிந்தது. இப்படி ஒரு ஜென்மம் உலகத்தில் உண்டா? பெற்ற பெண் புறப்படும்போது டயரைப் பார்ப்பானா ஒருத்தன்? நம்புகிற மாதிரி இல்லை என்று சிவப்பு டேக்கை அழுத்தி ஒட்டினேன்.

போன ஞாயிறு தாங்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரியோடு வந்தீர்கள். அதிலிருந்த பிழைகளை வட்டமிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தங்களை உட்காரச் சொன்னேன், சரிதானே? பிறகு மூன்று புத்தகங்களையும் எடுத்துவந்து வரிசையாகக் கருத்துச் சொன்னேன். மூன்றாவதுக்கு வரும்போது கொஞ்சம் சூடாகிவிட்டேன். "இத எழுதுனவனுக்கு அப்பன்னா இன்னான்னே தெர்ல சம்பந்தி, அநாதையா இருப்பான்" என்றேன். யுவஸ்ரீ காப்பித் தட்டோடு கதவருகே நின்றாள். தாங்கள் அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், முகம் கறுத்தது. "நேரமாச்சுங்க" என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பத்திரிகை மாதிரியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

வாசல்வரை ஓடி வந்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. உள்ளே வந்தால் லீலா நிற்கிறாள். "இன்னா மனுசன் நீ? வூட்டுக்கு வந்தவரு பாதி காப்பில எழுந்து போறாரு, நீ புக்க புட்ச்சிக்கினு நிக்கற. அட்டைய பிர்ச்சி பாரு போ!" என்றாள். பிரித்தேன். 'வல்லைத் தென்றல்' என்று புனைபெயர். வல்லை என்றால் வல்லக்கோட்டை. வல்லக்கோட்டையில் நாவல் கொடுக்கும் ஆள் எனக்குத் தெரிந்து தாங்கள் ஒருவர்தான். தலையில் இடி விழுந்தாற்போல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியை, அவர் முகத்துக்கு நேரே, அநாதை என்று சொல்லியிருக்கிறேன்!

ஐயா, மன்னிக்க வேண்டும். தாங்கள் எழுதியது என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். வாக்கியங்கள் சுத்தம். அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை, தேடினேன். ஆனால் டேக்கை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். உறவுக்காக டேக் மாற்றினால் நாளைக்கு என் மேஜையை நானே நம்பமாட்டேன். அந்த அப்பனை மட்டும் கொஞ்சம் மனுஷனாக்கிவிட்டால் அடுத்த பதிப்பில் மஞ்சள் வரை வரலாம். இந்தக் கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டிவிடாதீர்கள். என் பெண் சஞ்சயைக் கட்டிக்கொள்ள மனதார ஆசைப்படுகிறாள், எனக்கும் வேறு ஆசை இல்லை.

ராஜாமணி அம்மாளுக்கு என் வணக்கம். சஞ்சய் தம்பி நீடூழி வாழ ஆசீர்வாதம். கல்யாண ஏற்பாடுகளில் குறை வராது. பெண் புறப்படும் வண்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம், டயர் காற்றை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உறவை என்றும் விரும்பும்
ஏகாம்பரநாதன்

பி.கு.: எங்கள் ஆலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஆகவே கடிதத்தை யுவஸ்ரீயிடம் கொடுத்தேன். படித்தாள். டயர் வரியில் நின்றுவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அப்பா, அது மாமா எழுதுனது இல்ல. நான் எழுதுனது" என்றாள்.

அவள் அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். தங்களுக்கும் தெரியுமாம். தெரியாதவன் நான் ஒருவன்தான். நாவல் அச்சாகி ஆறு மாதம் ஆகிறது. தரகர் கண்ணப்பன் தங்கள் வீட்டு ஜாதகத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. அதற்கு முன்பே இவள் எப்படி மாப்பிள்ளை ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வல்லைத் தென்றல் ஆனாள்? இந்த அதிர்ச்சியைக் கல்யாணம் முடிந்த பிறகு பட்டுக்கொள்கிறேன்.

ஆலையில் தவறாக எழுதியதைக் கிழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். இவ்வளவையும் அடித்தால் கையெழுத்துப் போட்டே மாளாது. அதனால் அப்படியே அனுப்புகிறேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். புத்தகத்தில் குறை இல்லை, அளவு பார்த்த கருவிதான் கோளாறு. அந்த அப்பன் இருக்கிறான். பென்னலூரில் இருக்கிறான். சிவப்பு டேக்கைப் பிய்த்தேன், வரவில்லை. அதன்மேலேயே பச்சையை ஒட்டிவிட்டேன். டேக்மேல் டேக் ஒட்டுவது எங்கள் தொழிலில் பெருங்குற்றம்.

அவளிடம் நேரில் சொல்லப் போனேன். "டிபன் சாப்டியா?" என்றுதான் வந்தது. அதனால் தங்கள் தயவு வேண்டும். பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று இருக்கிறதல்லவா, அதற்கு முன்னால் 'நாவலாசிரியர்' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். பிழையில்லாமல் இருக்கட்டும், நான் பார்ப்பேன்.