ஒன்பதாவது படி

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை,
காலில் கட்டுப் போட்ட ஐந்தாம் நாள்.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை தமிழரசு அவர்களுக்கு, தங்கள் அக்காள் வசந்தாமணியின் கணவனும் ஓய்வுபெற்ற லைன்மேனுமாகிய சின்னுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இடது கால் நீங்கலாக இங்கு நான் நலம். அங்கே ஜலகண்டாபுரத்தில் தாங்களும், தங்கச்சி சரிதாவும், தறிகள் நான்கும் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுகிறேன்.

நிற்க (என்னால் முடியவில்லை, தாங்களாவது நிற்கவும்). போன வைகாசியில் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "கரண்டப் பத்தி உங்களுக்குத் தெரியாததா மச்சான்? அஞ்சல்வழியில பி.எஸ்சி. இயற்பியல் சேந்துருங்க, ஊதித் தள்ளீருவீங்க" என்று சொன்னது தாங்கள்தான். அதே படிப்பைப் படித்துவிட்டுத் தறி ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள் சொல்கிறாரே என்று நான் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, பாயசம் வந்துவிட்டது. ஆகவே என் புகாரை முறைப்படி தங்களிடமே சமர்ப்பிக்கிறேன்.

முதல் வீட்டுப்பாடத்தில் இருபத்தைந்துக்கு ஆறு மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பத்து வாங்காவிட்டால் ஜூன் பரீட்சைக்கு உட்கார முடியாது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப ஒரே ஒரு வாய்ப்பு. நான் என்ன தப்பாக எழுதினேன் என்று தாங்களே சொல்லுங்கள். நீண்ட கம்பியில் இருபது ஆம்பியர் போகிறதாம், ஐந்து சென்டிமீட்டர் தள்ளி காந்தப்புலம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். "ஐந்து சென்டிமீட்டரில் யாரும் போய் நிற்கக் கூடாது, முதலில் சப்ளையை நிறுத்தி, எல்.சி. என்கிற வேலை அனுமதிச் சீட்டு வாங்கி, எர்த் போட்ட பிறகே கிட்டப் போக வேண்டும்" என்று முப்பத்து நாலு வருச அனுபவத்தை அரைப் பக்கத்துக்கு எழுதினேன். சுழி. எடையில்லாத கயிறு, உராய்வில்லாத கப்பி, மின்தடையில்லாத தண்டவாளம் என்று அந்தப் புத்தகம் கேட்கிற சாமானையெல்லாம் எங்கள் ஸ்டோரில் போய்க் கேட்டிருந்தால் ஸ்டோர் கீப்பர் என்னை வெயிலில் நிற்காதே என்று ஊட்டுக்கு அனுப்பியிருப்பார்.

கடைசியாக வந்தது ஏணி. ஐந்து மீட்டர் ஏணி, எடை பதினைந்து கிலோ, தரைக்கு அறுபது டிகிரியில், வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. தரைக்கு மட்டும் கொஞ்சம் உராய்வு, பாயிண்ட் மூன்று. எழுபத்தைந்து கிலோ மனிதன் வழுக்காமல் எவ்வளவு தூரம் ஏறலாம்? என் எடையும் எழுபத்தைந்து, மாப்பிள்ளை. ஏதோ என் முகத்தைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. "ஏறக் கூடாது. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினேன். அதற்கும் சுழி. ஏணியை இவ்வளவு சாய்த்து வைக்கிற ஆளை எங்கள் செக்‌ஷனில் ஏணிப் பக்கமே விட மாட்டோம்.

சிரிக்காதீர்கள். கம்பத்தின் மேலே இருந்துகொண்டு நான் பழுதைச் சொல்லுவேன், கீழே நிற்கிற சின்ன வயசு அதிகாரி அதை இங்கிலீசில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆயுசு முழுக்கக் கையுறை போட்டுப் பிடித்த கரண்ட் உள்ளே என்ன செய்கிறது என்று செத்துப்போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அதனால் புதன்கிழமை காலை செய்முறையாகவே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சுவரை வழவழப்பாக்க ஒரு கிண்ணம் கடலெண்ணெயைப் பூசினேன். "ஏனுங்க, தாளிக்க வெச்சிருந்த எண்ணெய் எங்கீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தாங்களே அளந்துகொள்ளும்படி ஏணியை டிகிரி சுத்தமாக வைத்தேன். தங்கள் அக்காள் வெளியே வந்தாள், சுவரைப் பார்த்தாள், திண்டில் கிடந்த வினாத்தாளை எடுத்துப் பார்த்தாள், பால் கணக்கு எழுதுகிற பென்சிலால் அதன் முதுகில் ஏதோ கிறுக்கினாள்.

"எட்டுப் படிக்கு மேல போவாதீங்க. ஒம்பதுல வழுக்கீரும்."

"நீ போயி சட்டியப் பாரு புள்ள."

எட்டாவது படி வரை ராஜா மாதிரி ஏறினேன். ஒன்பதில் கால் வைத்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கோழிப்பண்ணைச் சௌந்திரம் காயவைத்திருந்த காலி முட்டை அட்டைகளின் மேல் விழுந்ததால் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். "அட சாமி, ரெண்டு நாளு முன்னாடி உளுந்திருந்தா முட்டையோட இருந்திருக்குமே!" என்று சௌந்திரம் சந்தோசப்பட்டாள். கணுக்காலில் விரிசல், மூன்று வாரம் கட்டு.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். இரண்டு புள்ளி ஆறு இரண்டு மீட்டர். படிக்கு முப்பது சென்டிமீட்டர்: எட்டாவது படி இரண்டு நாற்பது, ஒன்பதாவது இரண்டு எழுபது. நாற்பது வருசத்துக்கு முன்னால் பிளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் என்று நான் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தங்கள் அப்பா சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு பஜ்ஜியைத் தின்றேன். அவளை வீட்டில் நிறுத்தித்தான் தங்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் முடிவு: இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம். புத்தகங்கள் பதினொன்றையும் தாங்கள் வந்து எடுத்துப்போய்த் தறிக்கு அடியில் அண்டைகொடுத்துக்கொள்ளவும். தங்கள் அக்காளும் ராத்திரி சோறாக்காமல் அதையே படித்துக்கொண்டிருக்கிறாள், அதையும் வந்து கண்டிக்கவும். தங்கள் வீட்டில் நூல் அறாமல், கரண்ட் போகாமல், எல்லாரும் சௌக்கியமாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
சின்னுசாமி.

பின்குறிப்பு: மேலே கண்டது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, தங்கள் அக்காள் மூன்று வாரமாக அரிசி டப்பாவில் வைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு கணக்காக என் மண்டையில் ஏற்றி, என் கையாலேயே எழுத வைத்தாள். இருபத்தைந்துக்குப் பதினேழு, ஜூனில் பரீட்சை எழுதுகிறேன். ஏணிக்கு விடை எழுதிவிட்டு, மனசு கேட்காமல் "இருந்தாலும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்று சேர்த்திருந்தேன். திருத்தினவர் அதற்கும் ஒரு டிக் போட்டிருக்கிறார். புத்தகம் எடுக்க வர வேண்டாம். வந்தால் இன்னொரு செட்டோடு வரவும், ஆடியில் தங்கள் அக்காள் சேருகிறாள். அவள் ஐம்பத்தெட்டு கிலோ. அந்த எடைக்கும் போட்டுப் பார்த்தாள், அதே ஒன்பதாவது படிதான் வருகிறதாம். நம்பாமல் நாளைக் காலை ஏறிப் பார்க்கப்போகிறாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.