கல் வாத்தியார் மிதிக்கவிடாத அம்மி

கல்லை நக்கிப் பார்த்து அதன் ஜாதகத்தைச் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கல் வாத்தியார்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத சமயம். திருத்தணியில் எனக்கும் அவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரே அறையில் வாசம். மனிதர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். சோற்று உருண்டையோடு நடப்பார். பேச்சின் நடுவே குனிவார், கல்லை எடுப்பார், ஆணியால் கீறுவார், நாக்கில் வைப்பார். மணவூர் ஸ்டேஷனில் ஜல்லி பொறுக்கி ரயிலையே கோட்டைவிட்டார்.

"எல்லாம் மூணே ஜாதி சார்! பூமிக்குள்ள உருகிக் கெடந்தது ஆறி இறுகினா ஒண்ணு. சேறு, மணலு படிஞ்சி படிஞ்சி இறுகினா இன்னொண்ணு. இந்த ரெண்டும் அடியில மாட்டிகினு, சூட்லயும் அழுத்தத்துலயும் குணம் மாறிச்சினா மூணாவது" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவரின் பெண்ணைப் பேசி முடித்தவன் நான்தான். "கொஞ்சம் சுறுசுறுப்பு, மற்றபடி தங்கம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

கல்யாணம் மலைமேல், கோயில் மண்டபத்தில். தாலி கட்டியாயிற்று. அடுத்து அம்மி மிதிக்க வேண்டும்: மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கிக் கல்மேல் வைத்து, இதைப் போல உறுதியாக இரு என்று சொல்ல வேண்டும். பெண் வீட்டாரோ கனத்துக்குப் பயந்து அம்மியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு கடப்பாக்கல் துண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். குனிந்த வாத்தியார் பெண்ணின் காலை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தார். கீறினார். நக்கினார்.

"மாப்ள, இன்னாங்க இது?" என்றார் மாமனார்.

"மாட்டேங்க! இது சேறு படிஞ்ச கல்லு. ஏடு ஏடா பேந்துடும். இத்தக் காட்டி உறுதியா இருன்னு எப்பிடிங்க சொல்றது? கீழ போயி நல்ல கருங்கல்லு அம்மி எடுத்தாறேன்!"

மாலையும் கழுத்துமாகப் படியிறங்கக் கிளம்பிவிட்டார்.

"ராகுகாலம் பொறக்கப் போறது!" என்று ஐயர் அலறினார். மாமனார் என் சட்டையைப் பிடித்தார். "உன் பேச்சக் கேட்டுத்தானய்யா குடுத்தேன்? இப்பவே பொண்ண இட்டுகினு போயிடறேன்!"

அதுவரை தலை நிமிராத பெண் எழுந்தாள். "நைனா, அவரு சட்டைய உடுங்க." மண்டபத்து ஓரம் போய், வெளியே தெரிந்த பாறையைக் காட்டினாள். "ஏங்க, மலையே கீதே. இது போதாதா?"

வாத்தியார் திரும்பி ஓடிவந்தார். மண்டியிட்டுக் கீறினார். "உருகி ஆறினதா, குணம் மாறினதா... சட்னு சொல்ல முடியலியே."

"எதுவா இருந்தா இன்னாங்க? பேராது இல்ல?"

"ஆங்... பேராது."

பாறை வெயிலில் கொதித்தது. முதலில் தன் உள்ளங்கையை அதில் வைத்து, அதன்மேல் அவள் காலை வைத்தார். நன்றாகச் சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை. அந்தக் கிறுக்கன்மேல் அன்று எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.