பூபதியின் நாற்பத்திரண்டு கிலோ

அன்பும் மரியாதையும் கொண்ட குழந்தையம்மாள் அத்தைக்கு, சிங்காநல்லூரிலிருந்து லோகப்பிரியா வணங்கி எழுதுவது.

இல்லைங்க அத்தை, பூபதியை நான் பட்டினி போடவில்லை. எதிர்வீட்டு பாலுசாமி அண்ணன் உங்களிடம் சொன்னது பாதிதான். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் கடிதம்.

பூபதியை என்னிடம் விட்டுவிட்டு, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் மௌனிகா வீட்டுக்கு வால்பாறை போன மறுவாரம் அவனை டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒன்பது வயது லேப்ரடார். நாற்பத்திரண்டு கிலோ. பெரிய உடம்பு நாய்களுக்கு ஆயுசே குறைவு, கொழுத்தால் இன்னும் இரண்டு வருடம் போய்விடும் என்றார். மாமா இறந்தபின் உங்கள் வீட்டில் மிச்சம் அவன்தான். அந்த இரண்டு வருடம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அளந்து வேளைக்கு ஒரு கப் போட்டேன். மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தான். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வாசல் வாசலாக நிற்கிறான். "ஏனுங்க பூபதி, சாப்டாச்சுங்களா?" என்கிறார் பாலுசாமி அண்ணன். அவன் பதில் சொல்வதில்லை. கேட்டுப் பதில் வராவிட்டால் சாப்பிடவில்லை என்றுதானே நம் ஊரில் அர்த்தம். நாலு இட்லி. அடுத்த வாசலிலும் அதே கேள்வி, அதே மௌனம்.

"ரெண்டு வருசம் கூட இருக்கோணும்னுதானுங்கண்ணா" என்றேன் பாலுசாமி அண்ணனிடம்.

"வயித்தைக் காயப்போட்டு அந்த ரெண்டு வருசத்தை என்னங்கம்மணி பண்றது?"

யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

கழுத்தில் ஓர் அட்டை கட்டினேன். 'டாக்டர் உத்தரவு. எதுவும் தரவேண்டாம்.' அங்கதான் தப்புப் பண்ணிப்போட்டேன் அத்தை. அவனுக்கு ஒடம்பு முடியலைன்னு தெருவே முடிவு பண்ணிருச்சு. சீக்காளியைப் பாக்க வெறுங்கையோட யாராச்சும் வருவாங்களா? பிரட்டு, பிஸ்கட்டு, ஆப்பிளு, ஒருத்தர் எளநி வேற. பக்கத்துல உக்காந்து, "எப்படி இருந்த உசுரு"ன்னு கண்ணைத் தொடச்சு, பிரட்டைப் பிச்சு ஊட்டிப்போட்டு, "நல்லாத்தான் சாப்பிடறாருங்க, பொழச்சுக்குவாரு"ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. அவனும் படுத்தபடியே வாங்கிக்கறான்.

ஓர் உயிரை நீட்டிப்பது இவ்வளவு தனிமையான வேலை என்று எனக்குத் தெரியாது. இந்தத் தெருவில் அவன்மேல் பிரியமில்லாதவள் நான் ஒருத்திதான் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மௌனிகாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
லோகப்பிரியா

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டர் கூப்பிட்டார். எடை ஏறியதும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதாம். எடைக்குக் காரணம் தைராய்டு. தெருவின் பங்கு கொஞ்சம்தான். மாத்திரை தவறாமல் கொடுத்தால் நன்றாக இருப்பான், ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றார். வாங்கி வந்து கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கையிலிருந்து இப்போது எதையும் அவன் வாங்குவதில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் பாலுசாமி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.