பரோட்டா மாஸ்டரின் ஒரு செட்

மெஷினை விட்டுவிட்டு வெறும் கம்பிக்கு மாறிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிய நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. ஜிம்மில் லெக் பிரஸ் மெஷினில் சாய்ந்தபடி நூற்று அறுபது கிலோவைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிரே பனியனும் அரை டவுசருமாக ஓர் ஒல்லியான ஆள், தோளில் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். எழுந்தவன் என்னைப் பார்த்து அக்கறையாகக் கேட்டான்.

"ஒடம்பு சரியில்லையா சார்? வந்ததுலேருந்து படுத்தே இருக்கீங்க."

குளத்தூரிலிருந்து கறம்பக்குடி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், என் வயிற்றெரிச்சலை இவ்வளவு கொட்டிக்கொண்ட இன்னொரு மனிதன் கிடைக்கமாட்டான். பெயர் யாருக்கும் தெரியாது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பரோட்டா போடுகிறவன் என்பதால் மாஸ்டர். என் வயதுதான் இருக்கும்.

நானோ இன்ஜினியரிங் முடித்து, வீட்டில் உட்கார்ந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். இரண்டு வருடமாக ஜிம்முக்கு வருகிறேன். கையுறை, பெல்ட், எந்த மெஷினுக்கு சீட் எத்தனையாவது துளை என்று போனில் பட்டியல், எல்லாம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்வேன். ஜிம் ஓனர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், ஓர் அறிவிப்பு செய்திருந்தார். தோளில் நூறு கிலோ வைத்து உட்கார்ந்து எழுந்து முதலில் ஸ்குவாட் போடுகிறவன் பெயரைக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதுவார். அந்தச் சுவரில் என் பெயர் ஏற வேண்டும். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

நூற்று அறுபது தள்ளுகிறவனுக்கு நூறு எம்மாத்திரம் என்று மறுநாளே கம்பிக்கு மாறினேன். முதலில் நாற்பது. மெஷினுக்குத் தண்டவாளம் உண்டு, நாம் தப்பாகத் தள்ளினாலும் அது சரியாகப் போகும். கம்பிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். முழங்கால் இரண்டும் பிறந்த அன்றே நிற்கப் பார்க்கும் கன்றுக்குட்டி மாதிரி ஆடின.

"கண்ணாடியில ஆள் நல்லாத்தான் இருக்கீங்க சார்," என்றான் மாஸ்டர். "கம்பிய கொஞ்சம் கவனிங்க."

அவன் வேலை செய்யும் விதமே தனி. வெறும் கம்பியோடு பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து, "கல்லு காயட்டும்" என்பான். பிறகு கம்பியின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பான். கை வழுக்காமல் இருக்க மற்றவர்கள் சாக்பீஸ் பொடி பூசுவார்கள். அவன் டவுசர் பையிலிருந்து மைதா எடுத்துப் பூசினான். வியர்வையும் மைதாவும் சேர்ந்து கம்பி நடுவில் பிசைந்த மாவு. "இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்துனா நாலு பரோட்டா தேறும்டா," என்று அண்ணன் கத்தினார். அவன் அதைச் சுரண்டி எடுத்து உருட்டிப் பார்த்து, "பதம் பத்தாதுண்ணே" என்றான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த 'செட்'. முதல் நாள் அண்ணன் அவனிடம், "மூணு செட் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஜிம்மில் ஒரு செட் என்றால் பன்னிரண்டு தடவை. பரோட்டாக் கடையில் ஒரு செட் என்றால் இரண்டு. மாஸ்டர் இரண்டு தடவை எழுந்து கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, காற்றாட உட்கார்ந்துவிடுவான். இப்படி மூன்று முறை. இரண்டுதானே, லேசாக இருக்கிறதே என்று எடையைக் கூட்டிக்கொண்டே போவான்.

மூன்றாம் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. நன்றாக ஏமாறட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் நான் அறுபதில் நின்றேன். அவன் தொண்ணூறு போட்டான்.

எரிச்சல் தாங்காமல் தேடிப் படித்தேன். பலம் ஏற வேண்டுமென்றால் எடையைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, நடுவில் நிதானமாக ஓய்வெடுக்க வேண்டுமாம். அதாவது அவன் தப்பாகப் புரிந்துகொண்டு சரியாகச் செய்திருக்கிறான். நான் சரியாகப் புரிந்துகொண்டு தப்பாகச் செய்திருக்கிறேன். இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒருவனுக்கு வர முடியாது. வந்த வேகத்தில் நேராக அவனிடம் போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், ஒரு செட்டுன்னா ரெண்டு இல்ல. பன்னெண்டு."

அவன் முகம் விழுந்துவிட்டது. "அய்யய்யோ, இத்தன நாளா அண்ணன ஏமாத்திட்டேனே சார்."

அன்றிலிருந்து தொண்ணூறில் பன்னிரண்டுக்கு முயன்றான். ஐந்தாம் நாள் அவனுடைய கடை முதலாளி ஜிம் மாடிப்படி ஏறி வந்தார்.

"எங்க மாஸ்டருக்குப் பன்னெண்டு சொல்லிக் குடுத்த புண்ணியவான் யாருங்க இங்க? ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கிறான். நேத்துப் போட்ட பரோட்டாவ கஸ்டமரு மேசையில தட்டிப் பாக்குறாரு, சத்தம் வருது."

அண்ணன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் லெக் பிரஸ் மெஷினில் ஒட்டியிருந்த எச்சரிக்கை வாசகங்களை முதன்முறையாக முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல மொதலாளி," என்றான் மாஸ்டர். "நானாத்தான் ஆசப்பட்டுக் கூட்டிட்டேன்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அட, இதிலும் என்னை முந்திவிட்டானே என்றுதான் எரிந்தது. முதலாளி போனதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சேதான் சொன்னேன் மாஸ்டர். நீங்க நூறு போட்டுறக் கூடாதுன்னு."

"தெரியும் சார்," என்றான் அவன், தொடையை நீவிக்கொண்டே. "எங்க கடையிலயும் ஒருத்தன் இருக்கான். நான் மாவு வீசுறப்பப் பாத்து ஃபேனப் போட்டு விடுவான்."

"அவன என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? காத்து எந்தப் பக்கம்னு பாத்து வீசுவேன்."

அதன்பிறகு அவன் இரண்டுக்கே திரும்பினான். வெட்கத்தை விட்டு நானும் மாறினேன். ஐந்தாறு மாதம் பக்கத்துப் பக்கத்தில் நின்று போட்டதில் நானும் தொண்ணூற்றைந்தைத் தொட்டேன். அதே தொண்ணூற்றைந்தில் அவனும் வந்து நின்றான். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வாங்கடா" என்றார்.

நான் முதலில் போனேன். நூறு கிலோ தோளில் ஏறியது. கீழே போனேன். போனது போனதுதான். மெஷினாக இருந்தால் கொக்கியைத் திருப்பினால் நின்றுவிடும். இங்கே தோளில் கம்பி, கண்ணில் பூச்சி. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் நெஞ்சைக் கட்டின. கழுத்தில் மைதா வாசனை.

"மூச்ச விடாதீங்க சார். நான் இருக்கேன்ல. எந்திரிங்க."

எழுந்தோம். "தொட்டாச்சு, செல்லாது," என்றார் அண்ணன்.

அடுத்து அவன். ஒரு தடவை எழுந்தாலே போதும், சுவர் அவனுக்குத்தான். அவன் இன்னொரு தடவையும் போய் எழுந்து, ஒரு செட் முடித்துவிட்டுத்தான் கம்பியை வைத்தான். அண்ணன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு பெயர் கேட்டார்.

"மாஸ்டர்னே எழுதுங்கண்ணே. பேரச் சொன்னா எங்க மொதலாளிக்கே யாருன்னு தெரியாது."

இன்றைக்கும் நான் ஸ்குவாட் போடும்போதெல்லாம் அந்தச் சிவப்பு எழுத்துதான் கண்ணில் படுகிறது. பட்டதும் எரிகிறது.

போன மாதம் கறம்பக்குடியில் ஒரு புதுக் கடைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சின்ன ஜிம்மில் மெஷினே கிடையாதாம். கம்பியும் ஸ்டாண்டும் மட்டும்தானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அங்கிட்டுப் போய் நூறு போட்டுப் பார்க்கப் போகிறேன். எங்கள் ஜிம்மிலும் நூறு கிலோ இருக்கிறது, பின்னால் நிற்க ஆளும் இருக்கிறார்கள். ஆனாலும் அவனுக்குத்தான் போன் செய்தேன்.

"வாங்க சார். நான் பின்னாடி நிக்கிறேன். இந்தத் தடவ தொட மாட்டேன்," என்றான்.

தொட்டாலும் பரவாயில்லை.