சம்பந்தியும் நானும் நட்ட கல்

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பனி விலகி, வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. மேற்கே இரண்டே இரண்டு மேகங்கள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எனக்குச் சொந்தமில்லாத வயலின் வரப்பில், அறுபத்தேழு வயதில் நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தால் சுற்றிலும் இருபத்துமூன்று பேர். (எண்ணினேன். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தூக்கு மேடைக்கு அழைத்துப் போனாலும் படிகளை எண்ணிக்கொண்டுதான் ஏறுவேன்.)

இவ்வளவுக்கும் காரணம், அதற்கு நான்கு வருடம் முன்னால் நான் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி. வேல்ஸ் நாட்டில் மருத்துவமனை வேலையில் இருந்த என் மகள் மலர், அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் மதத்தைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. "அவுங்கல்லாம் யாரு? எந்த வம்சம்? மூணு தலமுறைக்குப் பேரு சொல்லத் தெரியுமா அவுங்களுக்கு?" என்று மட்டும் கேட்டேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. ரத்த அழுத்தம் என்று காரணம் சொன்னேன். (மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் 130/80. அதை யாரிடமும் சொல்லவில்லை.)

அந்தப் பையனின் அப்பாதான் கிளின். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறடி இரண்டங்குலம். 2009 பொங்கலுக்கு மலருடன் முதல் முறையாகச் சிதம்பரம் வந்தார். இலையில் வைத்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியிலிருந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பத்தாறு பக்கம். மாதா கோயில் பதிவேட்டின் நகல்கள், கல்லறை வாசகங்கள், பழைய வரைபடங்கள். கடைசிப் பக்கத்தில் மலைச்சரிவில் ஒரு கல் வீடு, முன்னால் பத்தொன்பது ஆடுகள். எட்டுத் தலைமுறைக்கு முந்தைய பாட்டனார் உழுத பண்ணை அது என்றார். பிறகு துணியில் சுற்றிய ஒரு கல்லை வெளியே எடுத்தார். முழங்கை நீளம், பலகை போலத் தட்டை. அந்தப் பண்ணையின் சுவரிலிருந்து விழுந்ததாம். அதை என் குடும்பத்து நிலத்தில் நட்டுவிட்டுப் போக வேண்டுமாம். பெட்டியிலிருந்து இரண்டு ஸ்வெட்டரை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்லை வைத்துக் கொண்டுவந்தார் என்று மலர் சொன்னாள். (நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிலோ நானூறு கிராம்.)

உங்கள் பண்ணை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். என் தாத்தா நிலத்தை விற்றுவிட்டுச் சிதம்பரத்தில் மளிகைக்கடை வைத்தார் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் வம்சம் கேட்டவன் நான். இவர் நாற்பத்தாறு பக்கத்தில் பதில் கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்கும் பண்ணை உண்டு, பதினொரு தலைமுறையாக உழவர்கள் என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

என் மனைவி சரோஜாவுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும். "பதினொண்ணா?" என்றாள். "அமாவாசைக்கு அய்யரு மூணு பேரு கேட்டாலே, மூணாவது பேருக்கு என் மூஞ்சியப் பாப்பீங்க."

மலர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்கப்பா. அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு," என்றாள். அவர் என்ன நினைப்பார் என்பதல்ல என் கவலை. நான் கேட்ட கேள்வி அவர் காதுக்குப் போயிருக்குமோ என்பதுதான்.

அன்று மாலையே தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். தாத்தா பெயரில் 1931ஆம் வருடத்து நிலவரி ரசீது ஒன்று கிடைத்தது. கிராமத்தின் பெயர், சர்வே எண் 112/3, பரப்பு ஒரு ஏக்கர் எண்பத்தேழு சென்ட். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? எண் கிடைத்துவிட்டது.

சரோஜாவின் தம்பி செல்வராசு காட்டுமன்னார்கோயிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்தக் கிராமத்து வரைபடத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கிவிட்டான். அதில் 112 இருந்தது, வாய்க்கால் ஓரமாக அழகாக. ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம்.

"மாமா, ரசீது ரொம்பப் பழசு. பழைய நம்பரா புது நம்பரான்னு விஏஓ கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடலாம். திங்கக்கெழம வருவாரு."

கிளினுக்குத் திங்கட்கிழமை விமானம். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நம்பர்ல பழசு புதுசு ஏதுடா? நூத்திப் பன்னண்டு நேத்தைக்கும் நூத்திப் பன்னண்டுதான், இன்னைக்கும் நூத்திப் பன்னண்டுதான்." முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ மாணவர்களை முட்டாள் என்று திட்டியிருக்கிறேன். அவர்கள் எல்லோரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் போனோம். கிளின், செல்வராசு, நான், டிரைவர். கூடவே குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் நான்கு, பூஜைச் சாமான் ஒரு பை. சம்பா முற்றி அறுப்புக்கு நின்றது. நான் முதலில் வரப்பில் நடந்து வயலை அளந்தேன். நீளம் நூற்று நாற்பது தப்படி, அகலம் அறுபத்துநான்கு. என் தப்படி ஒன்று இரண்டரை அடி. ஒரு ஏக்கர் இருபத்தெட்டரைச் சென்ட்தான் வந்தது. ஐம்பத்தெட்டரைச் சென்டைக் காணோம். இடம் தவறோ என்று எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் தோன்றியிருக்கும். எனக்கோ, பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டி வெட்டி எங்கள் நிலத்தைத் தின்றுவிட்டான் என்று தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன். ஆத்திரத்தில் கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே எழுந்து ஊருக்குள் போனார்கள். அதையும் கவனித்தேன். வெள்ளைக்காரரைப் பார்த்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வடகிழக்கு மூலையில் கற்பூரம் ஏற்றினேன், தேங்காய் உடைத்தேன். முன்னோர்களே, உங்கள் பேரன் வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். கண்ணில் நீரே வந்துவிட்டது. கிளின் பக்தியோடு மண்டியிட்டு, கையாலேயே குழி தோண்டி, தன் கல்லைச் செங்குத்தாக நட்டார். நான் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

இதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வயலை அளந்தாயிற்று. நிலத்தை எவனோ தின்றுவிட்டான் என்று சத்தம் போட்டாயிற்று. ஈசானிய மூலையில் பூஜை போட்டாயிற்று. வெள்ளைக்காரன் ஒருவன் எல்லைக்கல்லும் நட்டாயிற்று.

கூட்டத்தின் முன்னால் ஒரு பெண்மணி நின்றார். வயலுக்குச் சொந்தக்காரர், பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. அப்போது அவர் கையிலிருந்த அரிவாள்தான் தெரிந்தது.

"யாரக் கேட்டுய்யா எங்க கொல்லயில பூமி பூச போடுற?"

"இது எங்க தாத்தா நெலம்மா," என்றேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய வாக்கியங்களிலேயே மிக மோசமானது அதுதான்.

"பாத்தியா, கேசு போட வந்துருக்கான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வெள்ளைக்காரர் எந்தக் கம்பெனி என்று இன்னொருவர் கேட்டார். வரவேற்புக் கூட்டம் என்று நினைத்த கிளின் புன்னகையோடு போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார். அதோடு கம்பெனிதான் என்பது எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது.

"மொதல்ல கல்லப் புடுங்குய்யா," என்றார் அஞ்சலை. "ரெண்டு பொண்ண இந்த நெலத்த நம்பித்தான் வெச்சிருக்கேன். எவன் வந்து கல்லு நட்டாலும் குடுக்க மாட்டேன்."

நான் கல்லைப் பிடுங்கினேன். இரண்டு பெண்களை வைத்திருக்கும் ஒருத்தியின் வயிற்றில் நெருப்பை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. செல்வராசு ரசீதை எடுத்து, கூட்டத்திலிருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்தான். அந்தக் கிராமத்தில் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"இது பழைய நம்பரு சார். மறு சர்வேயில எல்லாம் மாறிப்போச்சு. ஒங்க தாத்தா நெலம் அதோ, அந்தப் பக்கம்."

செல்வராசு என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தான். (அவனுக்கு நான் பட்ட நன்றிக்கடன்களில் இது பெரியது.)

"அதுக்கு ஏன்யா எங்க வரப்புல உழுந்து கெடந்த?" என்றார் அஞ்சலை. கூட்டம் சிரித்துவிட்டது. அரிவாள் இடுப்புக்குப் போனது. பிறகு இருபத்துமூன்று பேரும் எங்களை அந்தப் பக்கம் அழைத்துப் போனார்கள்.

அங்கே நிலம் இல்லை. பள்ளம் இருந்தது. யாரோ செங்கல் சூளைக்காக மண்ணை வெட்டி எடுத்து, பன்னிரண்டடி ஆழத்துக்குக் குட்டையாகிவிட்டது. உள்ளே நான்கு எருமைகள். என் பதினொரு தலைமுறையும் செங்கல்லாகி, யார் யார் வீட்டுச் சுவரிலோ நிற்கிறது.

மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் கிளினுக்கு எல்லாம் விளங்கியது. கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எருமைகளைப் பார்த்தபடி மெதுவாக ஒன்று சொன்னார். என் கேள்வி கல்யாணத்துக்கு முன்பே அவருக்குத் தெரியுமாம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தேடவே தொடங்கினாராம். அதுவரை அவருக்கும் தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாதாம். அவர் ஊர்ப் பள்ளத்தாக்கில் அதே குடும்பப் பெயரில் நான்கு பண்ணைகள் இருந்தன. எது தன்னுடையது என்று எந்தப் பதிவேட்டிலும் தெளிவாக இல்லை. அதனால் கூரை விழாமல் நின்ற வீட்டைப் படம் எடுத்துக்கொண்டாராம்.

"உங்களுக்குக் காட்ட வேண்டுமே," என்றார்.

கல்யாணத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். 130/80 என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கல்லைக் குட்டையில் போட்டுவிடலாம் என்று அவர் எடுத்தபோது அஞ்சலை தடுத்தார். "குடுங்க, மோட்டார் கொட்டாயில காலு வெச்சு ஏற ஆவும்." அது யாருடைய பண்ணைக் கல்லோ, இன்றைக்கும் அங்கே படியாகக் கிடக்கிறது. மிதிபட்ட நெல்லுக்கு நஷ்டம் கொடுத்தேன். எல்லோருக்கும் டீ, மொத்தம் இருபத்தேழு.

இப்போதெல்லாம் நான் வீட்டில் கற்பூரத்தைக் கையில் எடுத்தால் போதும், "யாரு எடம்னு கேட்டுட்டுக் கொளுத்துங்க," என்கிறாள் சரோஜா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த வருடம் ஆடி மாதம் அந்தக் கிராமத்திலிருந்து மூன்று பேர் ரசீதுப் புத்தகத்தோடு சிதம்பரம் வந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு ஐந்நூறு. நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லையே என்றேன். "இருவத்திமூணு பேரு முன்னாடி எங்க தாத்தா நெலம்னு சொன்னீங்களே சார். கல்லு நட்ட ஒங்க சம்பந்தியும் ஒரு தலக்கட்டு. ரெண்டு ரசீது போட்டுட்டோம்." வருடம் தவறாமல் வருகிறார்கள். வரி ஏறிக்கொண்டே போகிறது. கிளினிடம் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரோ தன் ரசீதைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அது ஒன்றுதான் சந்தேகமில்லாத ஆதாரமாம்.

கார், தேங்காய், நெல், டீ, நான்கு ஆடி மாதத்துக்கு இரண்டிரண்டு தலைக்கட்டு, விமானத் தபால் உட்பட இன்றைய தேதி வரை ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.